பாகம் ஒன்று: சமையலறைக் குழாய்

குழாய்க்காரர் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் ஸ்பேனர் பை ஒரு மூலைக்கும் செருப்பு இன்னொரு மூலைக்கும் பறந்தன. விஷயம் இதுதான். பதிமூன்று வருஷமாக இவரைத் தவிர வேறு யாரையும் குழாயில் கை வைக்க விடாத டாக்டரம்மா, இன்று போனில் வீடியோ போட்டுப் பேர் வாங்கிய புதுக் குழாய்க்காரன், அந்தப் பச்சைச் சட்டைக்காரனைக் கூப்பிட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அவர் வீடியோவுல நல்லா விளக்குறாருங்க" என்றாராம்.

"வாஷரைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான், அது ஒரு வேலையா?" என்று குதித்தார். "அதைப் பார்க்க அம்பதாயிரம் பேராம். நாளையிலேருந்து நானும் வீடியோ போடறேன். அவனா நானான்னு பார்த்துடறேன்."

பதினைந்து நாளாகக் கடைக்கு வந்த அழைப்புகள் நான்கு. அதில் இரண்டு ராங் நம்பர். கோபத்துக்கு அடியில் பயம் குடியிருந்தது. அதை அவர் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள். "போடுங்க. நானே எடுத்துத் தரேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதில்லை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

"கடையில ஒரு புதுக் குழாயை மாட்டிக் காட்டறேன்."

"புதுக் குழாயை யாருங்க பார்ப்பாங்க? ஒழுகணும். அப்பதான் நம்புவாங்க."

"ஒழுகுற குழாய்க்கு நான் எங்கடி போவேன்?"

அதற்குப் பதிலைச் சமையலறை சொன்னது. சொட்டு. சொட்டு. மூன்று வருஷமாக அடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு அந்தக் குழாய் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஊர்க் குழாயெல்லாம் பார்க்கிறவர் வீட்டுக் குழாய்க்கு வைத்திருந்த ஒரே பதில், "நாளைக்கு".

மறுநாள் காலை சட்டையை மாற்றிக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாக நின்றார்.

"நிறுத்துங்க. சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கு. குழாயே தெரியல."

"எடுத்து வை."

"நான் போனை அசைக்கக் கூடாது. நீங்களே தேய்ச்சுக் கவுத்துடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். வாஷர் மாற்ற நாலு நிமிஷம். பாத்திரத்துக்கு நாற்பது நிமிஷம்.

அதற்கு அடுத்த நாள் ஃப்ளஷ் டேங்க். கூடவே குளியலறை முழுக்கப் பிரஷ் போட்டார், பாசி கேமராவில் தெரியுமாம். பிறகு வாஷிங் மெஷின் டியூப். அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் கண்ணாடி ஆறையும் துடைத்தார்.

"இது குழாய் வீடியோவா, இல்ல வீட்டை விக்கப் போறியா?" என்று கத்தினார்.

"பேசிக்கிட்டே துடைங்க. நல்லா வருது."

"தினமும் போடறியா இல்லையா? ஏன் ஒரு பயலும் கூப்பிடல?"

"தினமும் போடறேங்க. கூப்பிடுவாங்க."

சரிபார்க்க அவருக்கு வழியில்லை. அவர் வைத்திருந்தது பட்டன் போன். நல்ல போனெல்லாம் தண்ணீரில் விழுந்து மூன்று போயாயிற்று.

எட்டாம் நாள் அது அடித்தது. பச்சைச் சட்டைக்காரன்.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்த வீடியோவை அழிச்சுடுங்க."

குழாய்க்காரர் முகம் வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்தது. "ஏன் தம்பி, தொழில் படுத்துடுச்சா?"

"தொழில் கிடக்கட்டும்ணே. என் பொண்டாட்டி காலையிலேருந்து போனைத் தூக்கிக்கிட்டு சிங்க் முன்னாடி நிக்கிறா."

மனைவியின் போனைப் பிடுங்கிப் பார்த்தார். பெரிய எழுத்தில் தலைப்பு: 'நாளைக்கு, நாளைக்கு என்கிற கணவனை இன்றைக்கே வேலை செய்ய வைப்பது எப்படி? பாகம் ஒன்று: சமையலறைக் குழாய்.' உள்ளே அவர் முறைத்துக்கொண்டு குக்கர் தேய்க்கிறார். மேலே அவள் குரல், ரகசியமாக: "பாருங்க, கோபம் வந்தா கை இன்னும் வேகமாப் போகும். அப்ப நாம குறுக்கே பேசக் கூடாது." பார்த்தவர்கள் எண்பதாயிரம்.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மானத்தை வாங்கிட்டியேடி. அழி. இப்பவே எல்லாத்தையும் அழி."

பட்டன் போன் மறுபடி அடித்தது. டாக்டரம்மா.

"உங்க வீடியோ எல்லாம் பார்த்தேங்க. திட்டிக்கிட்டே செஞ்சாலும் வேலை என்ன சுத்தம். அந்தப் பையன் சிரிச்சுட்டுப் போயிட்டான், குழாய் இன்னும் ஒழுகுது. நாளைக்கு வர்றீங்களா? கிளினிக்லயும் நாலு இருக்கு."

"வந்துடறேம்மா," என்றார். அந்தக் குரலில் இவ்வளவு பணிவு இருப்பது அவருக்கே தெரியாது.

திரும்பினார். மனைவி போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அழிச்சிடவா?"

அவர் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஒழுகாத குழாயைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப பரண் மேல ஏறுங்க. ஒட்டடை அடிக்கணும்."

"ஒட்டடைக்கும் குழாய்க்கும் என்னடி சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? பார்க்கிறவங்க கேட்டிருக்காங்க," என்று ஏணியை நகர்த்திப் போட்டாள். "முகத்தை மட்டும் அப்படியே வச்சுக்கங்க. அதுக்குத்தான் கூட்டம்."