புலிக்கு மூக்கு முளைத்த விவரம்

அன்புள்ள மச்சான் வறீதுக்கு,

திருச்சூரிலிருந்து லோனப்பன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே என் வயிற்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். ஷார்ஜா வெயிலில் நீயும் சௌக்கியமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உன் அக்கா திரேசியா போனில் அழுததில் பாதிதான் உண்மை. போன வருடம் குடலில் ஓட்டை விழுந்து என் வயிற்றை நடுவாகப் பிளந்து தைத்தார்கள் அல்லவா, அந்தத் தழும்பின்மேல் இப்போது இருமினால் ஓர் உருண்டை எழும்புகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலியே இல்லை. ஓணத்துப் புலிக்களி ஆட்டத்தில் நம் குழுவுக்கே பெரிய புலிமுகம் என் தொப்பையில்தான் வரைவார்கள் என்பது உனக்குத் தெரியும். குழுத் தலைவர் பொறிஞ்சு அந்த உருண்டையைப் பார்த்துக் கும்பிடாத குறை. "லோனப்பா, மத்த புலிக்கெல்லாம் மூக்கு வரையணும். உனக்கு முளைச்சே வந்திருக்கு! கப்பு நமக்குத்தான்டா!" என்றார்.

திரேசியா விடவில்லை. டாக்டர் பத்மஜாவிடம் இழுத்துப் போனாள். அந்தம்மா என்னைப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொன்னார், இருமச் சொன்னார், ஸ்கேனும் எடுத்தார். "மேல தோல்தான் ஒட்டியிருக்கு, உள்ள சதை பிரிஞ்சிருச்சு. அந்த வழியா குடல் வெளிய வருது. பீடிய விடுங்க, தொப்பையக் குறைங்க, அப்புறம் உள்ள வலைத்துணி வெச்சுத் தைக்கிறேன்" என்றார். தொப்பையைக் குறைத்தால் புலி எங்கே நிற்கும்? ஓணம் முடியட்டும் என்றேன். "உருண்டை உள்ள போகாம கல்லாட்டம் ஆகி வாந்தியும் வந்தா அப்பவே ஓடி வாங்க. இல்லன்னா குடல் அழுகிடும்" என்றார். பயமுறுத்துவது அவர்கள் தொழில். ஆகவே முதலில் ஆட்டம், பிறகுதான் ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டேன். இதில் மாற்றமில்லை.

குழந்தைகளுக்கு முத்தம். மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
லோனப்பன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் புலிக்களி நாள் வந்துவிட்டது. உடம்பெல்லாம் மஞ்சள் சாயம் பூசிப் புலிக்கு வாய் வரையும்போது மூக்கு கல்லாயிடுச்சு. அமுக்கினாலும் போகலை, வாந்தி வேற. பொறிஞ்சு, "அப்படியே நிக்கட்டும்டா, எடுப்பா இருக்கு"ன்னார். திரேசியா அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி எறிஞ்சுட்டு என்னை ஆட்டோவில் ஏத்தினாள். சாயத்துக்கடியில் பழைய தழும்பைத் தேடி டாக்டர் திணற, "மூக்குலயே வெட்டுங்க டாக்டர்"னாள். குடல் கறுக்க ஆரம்பிச்சிருந்துதாம், நல்லவேளை நிறம் திரும்பிடுச்சு. வலை வெச்சுத் தைச்சாச்சு. திரேசியா ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காம பக்கத்துலயே இருக்கா. அவ கையை விடறதுக்கு எனக்குத் தைரியமில்லை. லீவு கிடைச்சா வந்துட்டுப் போ மச்சான், ரொம்பப் பயந்துட்டேன்.