ஒன்பது பக்க விண்ணப்பமும் அக்கா வீட்டுக் கூடமும்

பாசமிகு அக்காவுக்கு,

சமவாய்ப்புக் கல்வி அறக்கட்டளையின் நிறுவனரும் தலைவரும் உன் ஒரே தம்பியுமாகிய நான் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கிறோம். அங்கே உன் மகன் வீட்டில் நீயும் உன் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகலாம்.

பூட்டிக்கிடந்த உன் வீட்டுக் கூடத்தை எனக்குக் கொடுக்கும்போது நீ போட்ட நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத முப்பது பிள்ளைகளாவது பரீட்சைக்கு முன் அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியை அனுப்பிவிடு என்றாய். சாவி என்னிடம்தான் இருக்கும், கவலையே படாதே. உன் தம்பி ஒரு காரியத்தில் இறங்கினால் சும்மா விடுவானா?

முப்பத்திரண்டு வருடம் பதிவு அலுவலகத்தில் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஆகவே முதல் வேலையாக, உண்மையிலேயே கஷ்டப்படும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்க ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். ஒன்பது பக்கம், நாற்பத்தொரு கேள்வி, மூன்று பிரதி. பதினான்காம் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது: "தங்கள் இல்லத்தில் கல்வி சார்ந்த ஏற்றத்தாழ்வு எவ்வாறு நிலவுகிறது என்பதை இருநூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக." ஒரே வாரத்தில் முப்பது இடமும் நிரம்பிவிட்டது. எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாத விண்ணப்பங்கள். சிலர் அட்டை போட்டு, பொருளடக்கத்தோடு கொடுத்திருந்தார்கள். முதல் நாள் வாசலுக்கு வந்து பார்க்கிறேன், தெருவை அடைத்துக்கொண்டு பதினொரு கார் நிற்கிறது! பல் டாக்டர் ஒருவர் தன் இரட்டைப் பெண்களோடு இறங்கி, "வீட்டுக்கு ரெண்டு டீச்சர் வர்றாங்க சார், இருந்தாலும் உங்க சென்டரும் ஒரு சப்போர்ட்டா இருக்கட்டுமே" என்று கை குலுக்கினார். பதினான்காம் கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதில்: மூத்தவளுக்குப் பால்கனியோடு தனி அறை, இளையவளுக்குப் பால்கனி இல்லாத தனி அறை, ஆகவே இல்லத்தில் ஏற்றத்தாழ்வு கடுமையாக நிலவுகிறது. சரியாக நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல். நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

தள்ளுபடியான விண்ணப்பங்கள் அறுபத்து மூன்று. அவற்றில் ஒன்று நம் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளுடையது. மகள் பெயர், வகுப்பு, அவ்வளவுதான், மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "முழுமையற்றது" என்று சீல் குத்தித் திருப்பிக் கொடுத்தேன். திரும்பவும் அப்படியே வந்தது, திரும்பவும் குத்தினேன். மூன்றாம் முறை அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஏன் சார், இதை நிரப்பத் தெரிஞ்சிருந்தா என் பொண்ணுக்கு நானே சொல்லிக்குடுத்திருக்க மாட்டேனா? உங்ககிட்ட எதுக்கு வந்து நிக்கப்போறேன்?"

அக்கா, உன்னிடம் மறைப்பானேன், சுருக்கென்று தைத்தது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் தலைவன் தலைவன்தானே! "இதைத்தாம்மா நானும் யோசிச்சிட்டே இருந்தேன்" என்றேன்.

"யோசிச்சது போதும், பேனாவ எடுங்க."

எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினான்காம் கேள்விக்கு, "வீட்டுல ஒரே பல்பு சார். அதுக்குக் கீழ இவ படிக்கிறதா நான் சமைக்கிறதான்னு தினம் சண்டை. எழுதிட்டீங்களா?" என்றாள். இருநூறு சொல் தேவையே படவில்லை. இருபத்தேழாம் கேள்வி, குடும்பத்தில் இடையிலேயே படிப்பை நிறுத்தியவர் யார், காரணம் என்ன.

"நான்தான். நாலாவதோட. தம்பி படிக்கட்டும்னு நிறுத்திட்டாங்க."

"தம்பி இப்போ எப்படி இருக்காரு?"

"அவனுக்கென்ன, நல்லா இருக்கான். நல்லா பேசுவான்."

எழுதிக்கொண்டு இருபத்தெட்டுக்குப் போனேன். வேலை தலைக்கு மேல் இருந்தது.

அன்றைக்கே விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டு, கொடுத்த முப்பது இடத்தையும் ரத்து செய்துவிட்டேன். இனி நாற்பத்தொரு கேள்விக்குப் பதிலாக ஒரே கேள்விதான்: "வீட்டுல புள்ளைக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இருக்கா?" அதையும் நான் கேட்கவில்லை, அந்த அம்மாள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். இல்லை என்ற வீட்டுப் பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்தாள். பல் டாக்டர் கொதித்துப்போய், "என் பொண்ணுங்க இடம் என்னாச்சு?" என்று வந்தார். "வரட்டும் சார், சின்னதுங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுக்க ஆள் வேணும்" என்று அவரையும் அந்த அம்மாளே மடக்கிவிட்டாள். இப்போது இரட்டையரில் ஒருத்தி நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறாள். இன்னொருத்தி சாக்பீஸைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறாள். ஆக, முப்பது கேட்டாய், முப்பத்து நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! கரும்பலகை போதாமல் உன் அறைக்கதவில் வகுத்தல் கணக்குப் போடுகிறார்கள். துடைத்தால் போய்விடும். இத்தனையும் என் நேரடித் தலைமையில் நடந்தவை என்பதைத் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள், உன் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள்.

வெற்றிக் களிப்புடன்,
உன் தம்பி (தலைவர்)

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் போடும்போது அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "இத்தனை பக்கமா? யாருக்கு சார்?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "நிறைய படிச்சவங்களா?" என்றாள். மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரித்துப் பேனாவை எடுத்தேன்.

மருமகளே, இதை அத்தைக்கு வாசித்துக் காட்டப்போவது நீதான். மேலே உள்ள எதையும் வாசிக்காதே. வெற்றிக் களிப்பை அடித்துவிடு. இதை மட்டும் வாசி.

அக்கா, இரண்டாம் வகுப்போடு உன்னை நிறுத்தி, உன் சிலேட்டை என் கையில் கொடுத்தார்கள். நாற்பது வருடமாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். முன்பு அத்தான் வாசித்தார், இப்போது மருமகள் வாசிக்கிறாள். உனக்கு ஒரு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை உன்னைக் கூட்டிப் போக வருகிறேன். உன் கூடத்தில் படிக்கிற பிள்ளைகளோடு ஜன்னலோரம் முப்பத்தைந்தாவது இடம் போட்டாயிற்று, விண்ணப்பம் கிடையாது. கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளின் மகள்தான் உனக்கு டீச்சர். கொஞ்சம் கண்டிப்பானவள், என் கையெழுத்தையே சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

மருமகளே, வாசிக்கும்போது அக்கா குறுக்கே பேசினால் நிறுத்தி, அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.