அறுபது விழுக்காட்டு மாப்பிள்ளை

"கல்யாணம் ஆகலைன்னா வீட்டு விலையில அறுபது விழுக்காடு கூடுதல் வரி. ஆயிட்டா அது கிடையாது," என்றார் வீட்டு முகவர் ரேமண்ட், சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே. "நீங்க சிங்கப்பூர்க்காரங்க, அவரு வெளிநாடு. புருசன் பொண்டாட்டியா வந்து மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடுங்க. ரொம்ப சிம்பிள்."

ஹுவே மின்னுக்குக் கால் வலித்தது. வீடு தேடித் தேடி, ஊரிலுள்ள குளியலறைகளில் பாதியிலாவது அவள் குழாயைத் திறந்து பார்த்திருப்பாள். கைக்கு எட்டும் விலையில் இது ஒன்றுதான் வாய்த்தது. அவள் கட்டிக்கொள்ளப்போகும் செங் ஹோ, பக்கத்து நாடான மலேசியாவின் ஈப்போக்காரன். வரித்துறைக்கு அவனும் ஒன்றுதான், நிலாவிலிருந்து இறங்கியவனும் ஒன்றுதான்.

சிம்பிள் என்றவருக்கு அவளுடைய அம்மாவைத் தெரியாது.

"ஏழாம் மாசத்துலயா?" மீன் நறுக்கிய கத்தியை அம்மா கீழே வைத்தார். "ஊரெல்லாம் பேய் பசியோட அலையுற மாசம். அதுங்களுக்கும் பத்திரிகை வைப்பியா?"

"பதிவு மட்டும்தாம்மா. சடங்கெல்லாம் அப்புறம்."

"பெரியவங்க முன்னாடி மண்டி போட்டுத் தேநீர் குடுக்காம ஒரே வீட்டுல இருந்தா, அதுக்குப் பேரு கல்யாணம் இல்லடி. வாடகைக்கு இருக்கறது."

கண்ணாடி அலமாரியில் சிவப்புத் தேநீர்க் கோப்பைகள் காத்திருந்தன. தேநீரின் முகத்தையே பார்த்திராதவை. அம்மா துடைத்த துடைப்பில் அவற்றிலிருந்த டிராகனுக்கு மீசை பாதி போய்விட்டது. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் இருந்தார்.

நாள் குறிப்பவர் ஒருவரை ஹுவே மின்னே அழைத்து வந்தாள். "மாப்பிள்ளை குதிரை வருசம், பொண்ணு எலி வருசம். ரெண்டும் முட்டிக்கும். அடுத்த வருசக் கடைசியில பாக்கலாம்," என்றார் அவர்.

அதைத் திருத்த இன்னொருவரைப் பிடித்தாள். "இந்த மாசக் கடைசி பொண்ணோட அம்மாவுக்கு ஆகாதே," என்றார் அவர். அன்றிலிருந்து அம்மா, கெட்டது அண்டாமலிருக்க, பச்சைக்கல் வளையலைக் கழற்றாமல் தூங்கினார். மூன்றாமவரைக் கூப்பிடும் தெம்பு ஹுவே மின்னுக்கு இல்லை.

"வேற ஒருத்தர் காசோலையோட நிக்கிறாரு," என்று ரேமண்ட் கைப்பேசியில் புலம்பினார்.

மதிய உணவு நேரத்தில் ஹுவே மின்னும் செங் ஹோவும் போய்ச் சத்தமில்லாமல் பதிவு செய்துகொண்டார்கள். கோழிச் சோறு சாப்பிட்டார்கள். அவரவர் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். வரிக்காக ரேமண்டிடம் மட்டும் சொன்னாள்.

அவருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. கடைத் திறப்பு விழாவுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி ஆளுயரப் பூவளையம் ஒன்றை, 'புதுமணத் தம்பதிக்கு வாழ்த்துகள்' என்று எழுதி அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மின்தூக்கிக்குள் அது நுழையவில்லை. மாடி மாடியாகப் படியில் ஏறி வந்தது. அடுக்குமாடி புளோக் முழுக்க எழுத்துக்கூட்டிப் படித்தது.

மாலையில் ஹுவே மின் வந்தபோது அம்மா பூவளையத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார்.

"தேநீர் குடுக்காம நம்ம குடும்பத்துல எவளாவது குடித்தனம் பண்ணியிருக்காளா? சொல்லுடி."

தோளிலிருந்த பையைக்கூட அவள் இறக்கவில்லை. வாதாடத் தெம்பில்லை. "சரிம்மா. பதிவை ரத்து பண்ணிடறேன். வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"அதெல்லாம் வேணாம், மின்," என்றார் அப்பா. "இந்த அரசாங்க வீவக வீடு கிடைக்கணும்னு நாங்களும் எண்பத்தி மூணுல பதிவு மட்டும்தான் பண்ணோம். தேநீருக்கு உங்கம்மா இன்னும் நாள் பாத்துக்கிட்டிருக்கா."