வியாழனோடு சண்டைக்குப் போனவர்

உங்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? கோயில், பரிகாரம், கொண்டைக்கடலை மாலை, அவ்வளவுதானே? ஜோகுபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு 'குருபலன்' அண்ணன் டெலஸ்கோப் வாங்கினார். ஒரு கிரகத்தின் மீது சொந்தப் பகை வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

லேத் பட்டறை முதலாளி. தலையில் பாதி முடி போயாச்சு. வந்த வரனெல்லாம் குருபலன் இல்லையென்று திரும்பிப் போக, "யாருடா அந்த ஆளு, நேர்லயே பாத்துடறேன்" என்று கிளம்பியவர், பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் டெலஸ்கோப்பை போல்ட் போட்டு மாட்டினார். அன்றிலிருந்து அவர் அம்மா துணி துவைப்பது எங்கள் வீட்டுக் கல்லில்.

சாயங்காலம் யார் கேட்டில் கை வைத்தாலும் வியாழனின் நிலாக்களைப் பார்க்காமல் தப்ப முடியாது. கேஸ் சிலிண்டர்காரர்கூட "சக்கத்தா இருக்குண்ணா, சூப்பர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்.

கடைசியாக அத்திபெலேயிலிருந்து ஒரு வரன். இதுவும் போனால் என்னை விட்டுவிடுங்கள் என்று தரகர் கும்பிட்டிருந்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கும் அப்பா, அம்மா, கூடவே பிடிவாதமாகப் பெண்ணும் வந்திருந்தார்கள். இருட்டுகிற நேரம். கேசரி உள்ளே போனதும் பெண்ணின் அப்பா இழுத்தார்.

"எல்லாம் திருப்திதாங்க. குருதான் இந்த வருஷம் சரியில்லன்னு ஜோசியர் சொல்றாரு."

"சரியில்லையா? நேத்துகூடப் பாத்தேன் சார், நல்லாத்தான் இருந்தாரு."

மொத்தக் கூட்டத்தையும் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார் அண்ணன். நாங்கள் காம்பவுண்டு சுவர் மேல். பெண்ணின் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் பொட்டுப் பொட்டாக என்ன என்று கேட்டார்.

"நிலா சார். நாலு. அவனைச் சுத்தி நாலு பேரு. எனக்கு ஒருத்தி வந்தா மட்டும் அவனுக்குப் பொறுக்கல."

அண்ணனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கதை முடிந்தது என்று நானும் சுவரிலிருந்து இறங்கப் பார்த்தேன்.

அதற்குள் பெண் போய் டெலஸ்கோப்பில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"மூணுதாங்க இருக்கு."

அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்தார். ஒன்று அப்போதுதான் வியாழனுக்குப் பின்னால் போயிருந்தது.

"ஆமாங்க, மூணுதான். நான் சொன்னது தப்பு." டெலஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "எத்தனையோ பேரு பாத்திருக்காங்க. எண்ணிப் பாத்தது நீங்க ஒருத்தருதான்."

பெண் திரும்பினார். "தப்புன்னா உடனே ஒத்துக்கறாருப்பா. எனக்கு இவரு போதும்."

"குரு, கண்ணு?"

"அவரைத்தான் இப்ப நேர்லயே பாத்துட்டீங்களே."

இப்போது பின்கட்டில் டெலஸ்கோப்பில் கண் வைத்திருப்பது அண்ணி. அண்ணன் பக்கத்தில் நின்று அவருக்குக் கொசு விரட்டிக்கொண்டிருக்கிறார்.