மூன்று மணிக்கு ருசி பார்ப்பவர்

குளித்துவிட்டு வருவதற்குள் யாரோ ஜின்னைக் காலி செய்திருந்தார்கள்.

ஸ்ரீவத்சன் ஈரத் துண்டோடு சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றான். முப்பது மில்லி ஜின், நன்னாரி சர்பத், எலுமிச்சை, சோடா, இரண்டு ஐஸ் கட்டி. எல்லாவற்றையும் கலக்கி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனான். இப்போது மேஜையில் கிளாஸையே காணோம். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால், கழுவித் துடைத்து மேடைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறது.

வாசல் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அந்தக் கோட்டூர்புரம் வீட்டில் அவனைத் தவிர ஈ காக்காய் கிடையாது. திங்கள்கிழமை, மத்தியானம் மணி மூன்று.

ஸ்ரீவத்சனுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் பானம் கலக்கும் வேலை. ஆனால் ஒரு சொட்டு கூடக் குடித்ததில்லை. வேலை கிடைத்த அன்றே அவன் அம்மா மயூரவல்லி அவனை மயிலாப்பூர் கேசவப் பெருமாள் சன்னிதிக்கு இழுத்துக்கொண்டு போய் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"ஊத்திக் குடு, அது உத்தியோகம். உன் நாக்குல ஒரு சொட்டு பட்டுதுன்னு தெரிஞ்சா, ஆத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

அதனால் அவன் கலக்குவான், கூட வேலை செய்யும் லாவண்யா ருசி பார்த்துச் சொல்வாள். மூன்று வருஷமாக இந்த வண்டி இப்படித்தான் ஓடியது. போன வாரம் லாவண்யாவுக்கு மஞ்சள் காமாலை. வாழ்நாளில் இனி மோர் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சரியாக அந்த வாரம்தானா மும்பைத் தலைமை அலுவலகம் உத்தரவு போட வேண்டும்? வசந்த காலத்துக்குப் புத்துணர்ச்சி தரும் ஜின் பானம் ஒன்று வேண்டுமாம். சென்னையில் வசந்தம் என்பது மார்கழிக் குளிர் போனதற்கும் வேர்க்குரு வந்ததற்கும் நடுவே வரும் ஒரு செவ்வாய்க்கிழமை. அதை மும்பைக்கு யார் சொல்வது? மேனேஜர் பரத்வாஜ் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

"சனிக்கிழமை நாலு மணிக்கு டேஸ்டிங். மும்பைலேர்ந்து ஷ்ரேயா மேடம் வராங்க. நல்லா இருந்தா உன் கான்ட்ராக்ட் தொடரும். இல்லன்னா முப்பத்தொண்ணாந் தேதியோட கிளம்பிடு, வத்சன்."

கிளம்பினால் நேரே மேற்கு மாம்பலத்து மாமாவின் ஜெராக்ஸ் கடைதான். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டு ஆறு வருஷமாகக் காத்திருக்கிறார். அதனால்தான் முதல் தடவையாக ஜின் பாட்டிலை வீட்டுக்கே கொண்டுவந்து கலக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.

அவன் கீழே இறங்கி வாட்ச்மேன் வெள்ளைச்சாமியைப் பிடித்தான்.

"மேல யாராவது வந்தாங்களா?"

"யாரும் வர்லியே சார். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னான். வெள்ளைச்சாமி பீடியை அணைத்துவிட்டு மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த வூட்ல லாய்டுன்னு ஒரு வாத்தியார் இருந்தாராம் சார். ஹால்ல கீதே ஈஸி சேர், அதுல குந்திக்கினே பூட்டாராம். மத்தியானம் மூணு மணிக்கு."

வீட்டுக்காரம்மா ஜெசிகா சாவி கொடுக்கும்போது சொன்னது ஸ்ரீவத்சனுக்கு நினைவு வந்தது. 'அப்பா நாற்காலியை மட்டும் நகர்த்தாதீங்க தம்பி.'

"அவர் குடிப்பாரா?"

"நான் வேலைக்கு வந்தே ஒரு வருசம்தான் ஆவுது. ஆனா பேரைப் பாரு சார். லாய்டு. குடிக்காமயா இருந்திருப்பாரு?"

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த நியாயம் போதும். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பாதுகாப்புக்காகப் பெருமாள் கோயில் துளசியை கிளாஸில் போட்டான். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தெரிந்த சுலோகத்தையெல்லாம் தெரிந்த வரைக்கும் முணுமுணுத்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கீழே யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

ஹாலில் நாற்காலி முனகியது. தரையில் செருப்புத் தேயும் சத்தம். சரக், சரக். மேஜை வரைக்கும் வந்தது, நின்றது. அப்புறம் சமையலறைப் பக்கம் போனது. குழாய் திறந்தது, மூடியது. அவ்வளவுதான்.

வெளியே வந்து பார்த்தான். கிளாஸ் கழுவிக் கவிழ்ந்திருந்தது. துளசி மட்டும் ஒரு சின்னத் தட்டில் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

புதன்கிழமை, வம்பே வேண்டாம் என்று ஜின் இல்லாமல் வெறும் நுங்குச் சாறு வைத்தான். அன்றைக்கு செருப்புச் சத்தம் மேஜை வரை வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டது. நுங்கை எறும்புதான் மொய்த்தது. ஆனால் ஆற்றைப் பார்த்து ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலி முழுசாகத் திரும்பியிருந்தது. எதிரே அலமாரி. அலமாரிக்குள் ஜின் பாட்டில்.

ஸ்ரீவத்சன் வீட்டை விட்டு ஓட வேண்டியவன். வாசல் வரைக்கும் ஓடினான்தான். செருப்பில் காலை நுழைக்கும்போது ஜெராக்ஸ் கடை கண்ணில் வந்து நின்றது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. துளசியைத் தனியாக எடுத்து வைத்தார். நுங்குச் சாற்றைத் தொடவில்லை. அட, இதைத்தானே லாவண்யாவும் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்?

அவளுக்குப் போன் போட்டான்.

"லாவண்யா, எனக்கு ஒரு டேஸ்டர் கிடைச்சுட்டார்."

"யாரு?"

"ரிட்டயர்டு வாத்தியார். நம்ம ஹவுஸ் ஓனரோட அப்பா."

"பெரியவங்க நாக்கை நம்பலாம் மச்சி. என்ன சொல்றார்?"

"பேச மாட்டார். கிளாஸைப் பார்த்து நாமளே புரிஞ்சுக்கணும்."

"எங்க மாமனார் மாதிரியா? சரி, பிடிச்சு வெச்சுக்கோ."

வியாழக்கிழமை மேஜையில் மூன்று கிளாஸ் வைத்தான். ஒன்றில் முப்பது மில்லி, ஒன்றில் அறுபது, ஒன்றில் தொண்ணூறு. கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கையில் பேனாவும் நோட்டும் வைத்திருந்தான்.

முதல் கிளாஸுக்கு செருப்பு நிதானமாகப் போனது. இரண்டாவதுக்கு வேகம் கூடியது. மூன்றாவதுக்கு ஓடியது. சமையலறை வரைக்கும் ஒரே ஓட்டம், குழாய் திறக்கும்போதே படபடப்பு தெரிந்தது.

எந்த கிளாஸை எடுத்துக்கொண்டு ஓடினாரோ அதுதான் உயர்ந்த சரக்கு. இதற்கு மேல் ஒரு மனுஷன், சரி, மனுஷன் இல்லை, எப்படித்தான் அபிப்பிராயம் சொல்வது? ஸ்ரீவத்சன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நூற்றிருபது மில்லி ஊற்றினான். அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் நன்னாரி போயிற்று, எலுமிச்சை போயிற்று, சோடாவும் போயிற்று. மிச்சம் ஒரு வெள்ளரித் துண்டு. இதில் வசந்தம் எங்கேடா என்று மனசு ஒரு தடவை கேட்டது. குடித்துப் பார்த்தவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று அதை அடக்கினான்.

கடிகாரம் மூன்று அடித்து முடிக்கவில்லை. நாற்காலி தடாலென்று குடை சாய்ந்தது. செருப்பு தடதடவென்று மேஜைக்கும் சமையலறைக்கும் பறந்தது, திரும்பி வந்தது. அலமாரிக் கதவு படீரென்று திறந்தது. குழாய் வெகு நேரம் ஓடியது. வீடு முழுக்க எலும்பைத் தொடுகிற குளிர். பங்குனி வெயிலில் அவனுக்குப் பல் கிட்டியது.

எல்லாம் அடங்கிய பிறகு வெளியே வந்தான். கிளாஸோடு பாட்டிலும் காலி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்ந்திருந்தன.

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் கலக்கியதை இத்தனை ஆசையோடு இதுவரை யாரும் தேடி வந்ததில்லை. பாரில் வருகிறவர்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டுப் போகிறவர்கள். நாற்காலியை நிமிர்த்தி வைத்து, அதன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சார், என் பொழைப்பைக் காப்பாத்திட்டேள். பானத்துக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்."

எழுந்தவுடன் சாந்தோமில் இருக்கும் ஜெசிகாவுக்குப் போன் செய்தான். "மேடம், நாளைக்கு நாலு மணிக்கு எங்க ஹோட்டலுக்கு வர முடியுமா? உங்க அப்பாவுக்கு ஒரு மரியாதை பண்றேன்."

"அப்பாவுக்கா? அவர் போய் ரெண்டு வருஷம் ஆகுதே தம்பி. சரி, வரேன்."

சனிக்கிழமை நீச்சல் குளத்தோரம் குடைக்குக் கீழே மேஜை போட்டிருந்தார்கள். பரத்வாஜும் ஷ்ரேயாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீவத்சன் இரண்டு கிளாஸை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இதோட பேர் 'லாய்ட் சார்'. கோட்டூர்புரத்துல ஒரு அனுபவஸ்தர் அளவு சொல்லிக் குடுத்தது."

வெயிலில் தாகமாக இருந்த பரத்வாஜ் ஒரே மூச்சில் பாதி கிளாஸை இறக்கினார். அவர் முகம் சிவந்தது. கை மேஜை விளிம்பைத் தேடியது. ஷ்ரேயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

ருசியில் சொக்கிவிட்டார்கள் என்று ஸ்ரீவத்சனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்துக் கைப்பையோடு ஜெசிகா வந்து சேர்ந்தாள். அவன் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், திங்கள்கிழமையிலிருந்து நடந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னான். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் மேஜைமேல் இருந்த கிளாஸைக் காட்டினான்.

"உங்க அப்பாவுக்கு எந்த அளவு ரொம்பப் பிடிச்சுதோ, அதே அளவுதான் மேடம் அது."

ஜெசிகா அந்த கிளாஸைப் பார்த்தாள், மேஜையில் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"தம்பி, எங்கப்பா முப்பது வருஷம் சர்ச் மதுவிலக்குச் சபைக்குத் தலைவர், யார் வீட்டுல சரக்கைக் கண்டாலும் சிங்க்ல கொட்டிட்டுத்தான் உட்காருவார்."