செவ்வாய் வெள்ளிக்கு மட்டும் ஒரு சட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. அடுத்த அறையில் என் வீட்டுக்காரி இருக்கிறாள். அவளுக்குப் புது யோசனை எதையும் நானே கொடுத்துவிடக் கூடாது.

போக்குவரத்து ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். சாலை விதிகளில் எந்தத் திருத்தம் வந்தாலும் அவர் கையால் அடித்துத்தான் வெளியே போகும். பத்தொன்பது வருஷமாக அடித்து அடித்து, நாட்டுக்குச் சட்டம் போடுவதே தான்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது அவருக்கு. வீட்டில் அந்தச் சட்டசபை கூடுவதில்லை. அங்கே மின்விசிறி சுவிட்சுகூட சம்சாரம் படுக்கிற பக்கம்தான் இருந்தது.

சம்சாரம் தையல்காரி. புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் திரை தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதுக்குள் மூட்டை போய்ச் சேர வேண்டும். அவ்வளவு பெரிய மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுகிறார். இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. இன்னொரு தடவை ஆனால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவள் அசரவில்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் பரீட்சையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். டைப்பிஸ்ட் வாங்கியது நாலாவது பரீட்சையில். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அதாவது, அவர் எடுப்பதில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஸ்கூட்டர், டைப்பிஸ்ட் ஆபீசுக்குப் போவது அதில்தான். "செவ்வாய், வெள்ளி மட்டும் வண்டி எனக்கு. நீங்க பஸ்ல போயிடுங்க" என்றாள்.

பஸ்! சட்டம் போடுகிற மனுஷன் கம்பியைப் பிடித்துத் தொங்குவதா? முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டீர்களானால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை மத்தியானம், ஆபீசில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். ஆபீஸ் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை உருவி, மெஷினில் ஏற்றினார். விரல்கள் தானாக ஓடின. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"சாலைப் போக்குவரத்து விதிகள் திருத்தம். உரிமம் பெற்று ஓராண்டு நிறையாதோர், செவ்வாய் மற்றும் வெள்ளிக்கிழமைகளில், காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, துணி மூட்டையுடன் ஸ்கூட்டர் ஓட்டுதல் கூடாது."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"துணி மூட்டையா?"

"ஆமா. காத்துல பறந்து எதிர்ல வர்றவன் மூஞ்சில சுத்திக்குதாம். ஏகப்பட்ட விபத்து."

"செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஏங்க பறக்குது?"

"அதெல்லாம் ஆராய்ச்சி பண்ணி எடுத்த முடிவு. நமக்குப் புரியாது."

"பஞ்சு மூட்டைன்னா?"

"பஞ்சைப் பத்தி ஒண்ணும் வரல."

"சரிங்க. சட்டம்னா சட்டம்தான்" என்று தாளை வாங்கி மடித்து, தையல் மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டாள். டைப்பிஸ்ட் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

திங்கள் காலை. ஆபீசுக்குக் கிளம்பிய டைப்பிஸ்டுக்கு ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல ஆட்சேபம் யார்கிட்டங்க குடுக்கணும்?"

"என்ன ஆட்சேபம்?"

"கடைசி வரியப் பார்க்கலையா? நீங்க அடிச்சதுதானே?"

தாளை நீட்டினாள். பார்த்தார். 'இவ்வரைவுத் திருத்தம் குறித்து ஆட்சேபம் உள்ளோர், முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.' அந்த வரி இல்லாமல் அவர் பத்தொன்பது வருஷத்தில் ஒரு திருத்தமும் அடித்ததில்லை. மூளை முற்றுப்புள்ளியில் நின்றிருக்கிறது. விரல் நிற்கவில்லை.

"என்கூட வண்டி கத்துக்கிட்ட பதினோரு பொம்பளைங்களும் கையெழுத்துப் போடறாங்க. மத்தியானம் எல்லாருமா வந்து உங்க பெரிய ஆபீசர் கையிலயே குடுக்கறோம். இந்தத் தாளையும் சேர்த்துக் குத்தி."

டைப்பிஸ்ட் கண்ணுக்கு முன்னால் பெரிய ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தூக்கிப் பார்த்தார். 'இந்த விதியை யாரய்யா போட்டது?' வண்டி என்ன வண்டி, வேலையே போய்விடும்!

"வேண்டாம்! வராதே!"

"ஏங்க? சட்டம் குடுத்த உரிமைதானே?"

"அந்த விதி... வந்து... செல்லாது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். வரைவுன்னா வரைவுதான். ஆட்சேபம் கேக்கணும், மேல ஒப்புதல் ஆகணும், கெசட்ல வரணும். அதெல்லாம் ஆகாம அது வெறும் காகிதம். பொட்டலம் மடிக்கலாம்."

அப்பா, எவ்வளவு அழகாக விளக்கினார்! சொந்தக் குழியை அத்தனை நேர்த்தியாக வெட்டியவரை நான் பார்த்ததில்லை.

"அப்ப எது செல்லும்?"

"பழைய விதிதான்."

"பழைய விதிப்படி லைசென்ஸ் இருந்தா மூட்டையோட போலாமா?"

டைப்பிஸ்ட் செருப்பைப் பார்த்தார்.

"போலாமான்னு கேட்டேன்."

"போலாம்."

"செவ்வாய்க்கிழமை?"

"போலாம்."

"வெள்ளி?"

"போலாம் தாயே, போலாம்!"

"எழுதிக் குடுத்துடுங்க. வாயால சொன்னா செல்லுமா?"

எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போடச் சொன்னாள், போட்டார். வண்டிச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டுச் சொன்னார்.

"அந்தப் பதினோரு பேர் மனுவைக் கிழிச்சுப் போட்டுடு."

"அதுவா?" என்றாள். "இனிமேதாங்க எழுதணும்."

மறுநாள் செவ்வாய். டைப்பிஸ்ட் பஸ் நிறுத்தத்தில், முப்பது பேருக்கு நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்றார். இரண்டு பஸ் நிற்காமல் போய்விட்டன. அப்போது ஸ்கூட்டர் சத்தம். பெட்ரோல் போட அவருக்கு முன்னாலேயே கிளம்பியிருந்த அவள், திரை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். இவரைப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். ஓரமாக வந்து நின்றேவிட்டாள். என்ன இருந்தாலும் பெண்டாட்டி! கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய், மூட்டைக்கும் அவளுக்கும் நடுவில் எப்படியாவது உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினார்.

அவள் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, "வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"பூட்டிட்டேன்."

"சரி" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மணி ஒன்பதாவதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர வண்டியைக் கிளப்பினாள்.