வாளிமேல் நின்ற சபாநாயகர்

தென்துருவத்துக்கு இந்தப் பக்கம் வாபஸ் அண்ணையைப் போல ஒரு வழக்காளி பிறக்கவும் இல்லை, கப்பலேறி வந்து இறங்கவும் இல்லை. வங்கி மனேஜர்களையே கதிரையை விட்டு எழும்ப வைத்தவன் நான். என்னை ஒரு நாளைக்கு ஒன்பது தரம் சொன்ன சொல்லை விழுங்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கப்பல் குசினியில் வெங்காயம் உரித்துச் சிட்னி வந்து சேர்ந்திருந்தேன். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். அரசாங்கம் ஊர்க் கவுன்சில்களிடம் காசைக் கொடுத்து, வேலையில்லாதவர்களைக் கூப்பிட்டு எதையாவது வெட்டச் சொன்னது. டூங்கபிப் பக்கம் ஒரு தெருவோரத்தில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எட்டுப் பேர். அதில் தமிழர் நானும், கொழும்பில் கிளாக்கராக இருந்த வாபஸ் அண்ணையும்தான்.

அவர் சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் வந்தாலும் வருவார், ரேடியோப் பெட்டி இல்லாமல் வரமாட்டார். பாராளுமன்ற விவாதம் ஒலிபரப்பாகும் நாட்களில் அதைக் கானின் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார். சபையின் விதிகள் எல்லாம் எங்கள் கானுக்கும் பொருந்தும் என்பது அவருடைய முடிவு. யாராவது ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் போதும்.

"வாபஸ் வாங்கும்!"

"அண்ணை, நான் இந்தக் கல்லைத்தானே சனியன் எண்டனான்?"

"கல்லு எழும்பிப் பதில் சொல்லுமே? பதில் சொல்ல ஏலாத ஆளை ஏசக்கூடாது. வாபஸ்!"

கல்லிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் ஐயா, நான்.

காலையில் அவர் ஆளும் கட்சி. "காசை இறக்கினாத்தான் கடைக்காரன் பிழைப்பான், கடைக்காரன் பிழைச்சாத்தான் நாடு பிழைக்கும்" என்று முழங்குவார். மத்தியானம் பாண் துண்டைத் தின்று கை கழுவியதும் எதிர்க்கட்சி. "காசை வாரி இறைச்சா விலைவாசி ஏறாதோ? இந்தக் கானே ஒரு வீண் செலவு!" என்று அந்தக் கானுக்குள் நின்றபடியே கத்துவார். எங்கள் கங்காணி மிக் முழுநேர எதிர்க்கட்சிக்காரன். இந்தத் திட்டமே கொள்ளை என்பான். வியாழக்கிழமை சம்பளக் கவரை வாங்குவதில் மட்டும் அவனை முந்த ஆளில்லை. காலையில் அவனும் அண்ணையும் கீரியும் பாம்பும். பின்னேரம் இரட்டைப் பிள்ளைகள்.

இதில் உச்சம், ரேடியோவில் வாக்கெடுப்பு மணி அடிப்பது. அண்ணை உடனே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிவிடுவார், அவர்தான் சபாநாயகர். ஆம் என்பவர்கள் கானின் வலப்பக்கம், இல்லை என்பவர்கள் இடப்பக்கம் போய் நிற்கவேண்டும். எண்ணி முடியும்வரை மண்வெட்டி அசையக்கூடாது. நாங்களும் நின்றோம். இரண்டு நிமிடம் இடுப்புக்கு ஓய்வு கிடைத்தால் யார் வேண்டாம் என்பான்?

அந்த இரண்டு நிமிடம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஒரு நாள் எங்களைப் போன்றவர்களின் வேலைக்கே இன்னும் காசு ஒதுக்குவதா என்று வாக்கெடுப்பு. மணி அடித்தது. அண்ணை வாளியில் ஏறினார். நாங்கள் இரு பக்கமும் பிரிந்து, மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. எதிர்க்கட்சி வேட்பாளரும் படம் பிடிப்பவனும் இறங்கினார்கள். பளிச், பளிச்.

உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. வெள்ளைக்காரர் ஆறு பேரையும் வெட்டி எறிந்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் வைத்திருந்தார்கள். வாளிமேல் கையை உயர்த்தியபடி அவர். மண்வெட்டியில் சாய்ந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி நான். கீழே: 'உங்கள் வரி இங்கே இளைப்பாறுகிறது.'

என் மனைவி பரமேஸ் யாழ்ப்பாணத்தில் காத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட, எனக்கு இன்னும் மூன்று மாதமாவது வேலை இருக்கிறது என்று கவுன்சில் கடிதம் தரவேண்டும் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். படத்தைப் பார்த்த கவுன்சிலோ, கான் வேலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று செவ்வாய்க்கிழமை முடிவெடுப்போம் என்றது.

ஒரு காரியம் செய்தேன். தனியாக மிக்கிடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "அந்த ஆள் ஒரு விசரன், முழுப் பைத்தியம். அவனை வேலையை விட்டுக் கலைத்துவிடு, மற்ற ஏழு பேரின் வேலை தப்பும்" என்றேன். மிக் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மேட், அந்த விசரன் உன்னைவிட இரண்டு பங்கு வெட்டுகிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஊர் மண்டபத்தில் வேட்பாளரின் கூட்டம். முன்வரிசையில் கவுன்சில்காரர்கள். அண்ணை கோட்டும் டையுமாக வந்து என் பக்கத்தில் இருந்தார். நடுவழிக்கு அந்தப் பக்கம், நெஞ்சில் வேட்பாளரின் சின்னத்தைக் குத்திக்கொண்டு மிக். அவனோடு எங்கள் கான்காரர் ஐந்து பேரும்.

வேட்பாளர் பத்திரிகையை விரித்துப் பிடித்தார். "எங்கள் காசை அரசாங்கம் மண்ணில் கொட்டுகிறது!" என்றார். கைதட்டல். அண்ணையும் தட்டினார்.

"என்ன அண்ணை, கை தட்டுறியள்?"

"நேரம் ரெண்டு மணியெல்லே தம்பி. மத்தியானத்துக்குப் பிறகு நானும் அதைத்தானே சொல்லுறனான்."

அடுத்து வேட்பாளர் எங்கள் படத்தில் விரலை வைத்தார். "இந்த நிறத்து ஆட்களுக்கு வேலை பழக்கமில்லை. அது அவர்களின் இரத்தத்திலேயே இல்லை. இவர்களுக்காகவா நாங்கள் உழைக்கிறோம்?"

பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, இருங்கோ! கவுன்சில்காரர் பாக்கினம். பரமேஸ் வரவேணும் அண்ணை, உங்களைக் கும்பிட்டன்!"

"கையை எடும்."

எழும்பிவிட்டார். சுத்தமான இங்கிலீசில், குரல் உயராமல் சொன்னார்: "தலைவர் அவர்களே, பேச்சாளர் காசைப் பற்றிச் சொன்னது அவருடைய உரிமை. இரத்தத்தைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவேண்டும்."

"உட்காரடா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். எங்கள் தலைக்கு மேலால் ஒரு காகிதக் கப் பறந்தது. தடித்த இரண்டு பேர் வழியால் நடந்து வந்தார்கள். அண்ணை அசையவில்லை. "வாபஸ் வாங்கும்வரை நான் உட்காருவது விதிக்கு மாறு."

அப்போது மிக் எழும்பினான். செத்தோம் என்று நினைத்தேன். அவன் நடுவழியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, தடியர்களுக்கும் அண்ணைக்கும் நடுவில் நின்றான். "வாக்கெடுப்பு" என்றான். கான்காரர் ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல எழும்பி வந்தார்கள். வாரக்கணக்கில் பழகிய பழக்கம், கால் தானாக நடந்தது. பிறகு நாங்கள் கான் வெட்டிய தெருக் கிழவி ஒருத்தி வந்தாள். "மழைக்கு என் வீட்டுக்குள் வெள்ளம் வராமல் பண்ணினவர்கள் இவர்கள்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

கடைசியில் நானும் எழும்பினேன். ஒளிப்பானேன், நான்தான் கடைசி.

மிக் மேடையைப் பார்த்தான். "என் வாக்கு உனக்குத்தான், மேட். இந்தத் திட்டம் கொள்ளைதான். ஆனால் இவன் வெட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன். வாபஸ் வாங்கு."

வேட்பாளர் ஏதோ முணுமுணுத்தார். "அரைவாசி வாபஸ் செல்லாது" என்றார் அண்ணை. முழுதாக அவர் வாங்கவேயில்லை. தலைவர் அவசரமாகத் தேநீர் தயார் என்று அறிவித்துக் கூட்டத்தை முடித்துவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை கவுன்சிலில் ஒரே ஒரு வாக்கால் எங்கள் கான் மூன்று மாதம் பிழைத்தது. எனக்குக் கடிதம் கிடைத்தது. பரமேஸ் வந்தாள். நான் வளர்ந்த கதையைப் பிறகு ஊரே சொல்லும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அண்ணை டையைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்.

"தம்பி, நீர் மிக்கிட்டச் சொன்னது எனக்குத் தெரியும்."

"அண்ணை... அது வந்து..."

"வேண்டாம். அது சபைக்கு வெளியால சொன்னது. பதிவில ஏறேல்லை. ஏறாததை வாபஸ் வாங்க ஏலாது." என் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பிறகு அவர் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். போன மாதம் அங்கே காலமானார் என்று செய்தி வந்தது.

அவரை விசரன் என்று சொன்னவன் நான்தான். இதோ, அச்சில் ஏற்றிவிட்டேன், அண்ணை. இனி விதிக்கு மாறில்லை.

வாபஸ் வாங்குகிறேன்.